மடித்த இலையில் கரண்டி வைப்பதில்லை

என் மகளின் கையிலிருந்து ஒரு சிறு குப்பி இரத்தம் எடுக்க மூன்று பெரியவர்கள் தேவைப்பட்டார்கள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி கால்களைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் நம்பாத உதவியாளர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வரிசையில் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் உள்ளே யாரையோ அறுக்கிறார்கள் என்று முடிவு செய்து, தங்கள் தாய்மாரை வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள்.

அவளுக்கு அப்போது வயது பத்து. பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழு பிள்ளைகளை எடை பார்த்துவிட்டு, சிலரைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லியிருந்தது. அந்தச் சிலரில் என் மகளும் ஒருத்தி. என் அக்காள் மகள் இன்னொருத்தி. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஏறக்குறைய ஒரே எடை. அக்காள் துப்புரவு வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது என்பதால் அவள் மகளை அழைத்து வரவில்லை. எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதனால் என் மகள் மட்டும் குத்துப்பட்டாள்.

கிளினிக்கில் இருந்த தாதி, எங்கள் வாயில் மிஸ்ஸி, குளுவாங் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. சிரிக்காமல் நகைச்சுவை சொல்கிறவர்.

"பிள்ளைக்கு வயசு பத்து. எடை மட்டும் அவசரப்பட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போயிருச்சு."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"சீனி எல்லைக்கோட்டுல நிக்குது. தீபாவளி முடிஞ்சு வாங்க, மறுபடி பாப்போம். ஏறாம இருந்தா நானே இங்க பாத்துக்குறேன். விரல்ல ஒரு சின்ன குத்து, அவ்ளோதான். ஏறியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துடுவேன். அங்க மாசாமாசம் இப்படித்தான், கையில ரத்தம் எடுப்பாங்க."

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்.

"அப்பா, மாசாமாசம்னா எத்தன வருஷத்துக்கு?"

"அது சும்மா பயமுறுத்துறதுக்குச் சொன்னதுலா," என்றாள் என் மனைவி.

"இல்லம்மா. அந்த மூஞ்சி சும்மா சொல்ற மூஞ்சி இல்ல."

அவள் சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் குடும்பத்தில் இனிப்பு நீர் என்கிற நீரிழிவு பூர்வீகச் சொத்து. என் அப்பாவுக்கு வந்தது, பெரியப்பாவுக்கு வந்தது, சித்தப்பாவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்தது. சொத்துப் பிரித்ததில் பங்கு போதவில்லை என்று யாரும் சண்டை போடாத ஒரே சொத்து அதுதான். ஆனால் பத்து வயதுப் பேத்திக்கு அதை எழுதி வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செனாயில் ஒரு தொழிற்சாலையில் தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எடைக்கற்களை வைத்து, எண்ணைப் பார்த்து, பொய் சொல்லும் தராசுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். வீட்டிலும் அதே புத்திதான். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் இடம் மாறியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. என் மனைவி சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இருட்டில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் இருட்டில் பாலத்தைக் கடந்து வருகிறாள். இரண்டு சம்பளம், அதில் ஒன்று சிங்கப்பூர்ச் சம்பளம். ஆக, எங்களுக்குப் பணமும் உண்டு, ஒழுங்கும் உண்டு.

அறிவும் உண்டு. அது என் மனைவியின் துறை. தாய்மார்களின் வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்றில் அவள் மூத்த உறுப்பினர். எந்த விதையில் என்ன சத்து, எந்த எண்ணெய் நெஞ்சுக்கு ஆகாது, எல்லாம் அத்துப்படி. சிங்கப்பூரிலிருந்து வரும் பேருந்தில் நின்றுகொண்டே அதையெல்லாம் படித்துவிடுவாள். எங்கள் வீட்டில் வெள்ளைச் சீனி கிடையாது, தேன்தான். வெள்ளை அரிசி கிடையாது, பழுப்பரிசிதான். கோலா கிடையாது, பிழிந்த ஆரஞ்சுதான்.

இதில் ஓட்டை எங்கே என்று இப்போது என்னால் சொல்ல முடியும். தேன் நல்லது, அதனால் இரண்டு கரண்டி. பழுப்பரிசி நல்லது, அதனால் இன்னும் ஓர் அகப்பை. பாதாம் மூளைக்கு நல்லது, பரீட்சை வேறு வருகிறது, அதனால் கை நிறைய. படுக்கப் போகும்முன் பச்சை டின்னில் இருக்கும் சாக்லேட் மாவைப் பாலில் கரைத்து ஒரு பெரிய குவளை, அது எலும்புக்கு. நல்லது என்று தெரிந்த எதையும் அளவாகக் கொடுக்க எங்களுக்குக் கை வந்ததில்லை. கெட்டதைத்தான் குறைக்க வேண்டும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். நல்லதைக் குறைக்கச் சொல்லி யாரும் எதுவும் அனுப்பவில்லை.

நான் பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஒல்லியாக வளர்ந்தவன். என் வயதுக்காரர்கள் சிலர் இதைச் சாதனை மாதிரி சொல்வார்கள்: "அந்தக் காலத்துல நாங்கல்லாம் என்ன ஆரோக்கியமா இருந்தோம்!" ஆரோக்கியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தால் கித்தா மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு கேக் தின்றிருப்போம். எங்கள் உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பெயர் மாசக் கடைசி.

அந்த மாசக் கடைசியை மறக்காத இன்னொருத்தி என் அக்காள். அவள் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறாள். பள்ளி விட்டதும் இரண்டு பெண்களும் அவள் வீட்டுக்குப் போவார்கள். என் மகளை நான் வேலை முடிந்து அழைத்து வருவேன். இதற்கு நாங்கள் கொடுத்த பணத்தை அக்காள் முதலில் வாங்க மறுத்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, அதை என் மகளின் வயிறு வழியாகவே எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினாள். தம்பி காசு கொடுக்கிறான், தம்பி பிள்ளை பசியோடு வீடு போனால் ஊர் என்ன சொல்லும்? அவள் மகளோ வாய்க்குக் கிடைத்ததைத் தின்பாள்: உடனடி மீ நூடுல்ஸ், பொரித்த வாழைப்பழம், டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. மலிவு, சீக்கிரம், வயிறு நிறையும். எது நல்ல சாப்பாடு என்று அக்காளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவள் காலுக்கு எட்டும் தூரத்தில் நல்ல சாப்பாடு எதுவும் விற்பதில்லை.

இரண்டு வீடு, இரண்டு சம்பளக் கணக்கு, கடைசியில் வந்து சேர்ந்தது ஒரே அளவுப் பள்ளிச் சீருடை.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று மாலையே என் மனைவி திட்டம் போட்டுவிட்டாள்.

"கவலப்படாதீங்க. தீபாவளிக்கு முன்னாடி என்ன வருது?"

"என்ன வருது?"

"புரட்டாசி."

அவள் முகத்தில் கணக்குச் சரிவந்த அமைதி. எனக்கும் உடனே நிம்மதியாகிவிட்டது. புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம். கோழி இல்லை, ஆடு இல்லை, முட்டைகூட இல்லை. மாதம் முழுக்க மரக்கறி சாப்பிடும் பிள்ளைக்கு எடை எப்படி ஏறும்? அக்காளிடம் சொன்னபோது அவளும் "ஆமா, பெருமாளே பாத்துக்குவாரு" என்றாள். மகள் மட்டும் கேட்டாள்: "உருளைக்கிழங்கு மரக்கறியா?" ஆமாம் என்றோம். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புரட்டாசி பிறந்தது. எங்கள் குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு சிறிய மிருகக்காட்சி சாலை. சைவக் கோழி, சைவ மட்டன், சைவ இறால், சைவ மீன். மீனுக்குக் கடற்பாசியில் தோல்கூட ஒட்டியிருந்தார்கள். எல்லாம் சோயாவும் மாவும். எல்லாமே எண்ணெயில் மூழ்கி எழுந்தால்தான் வாயில் வைக்க முடியும். விலை உண்மையான ஆட்டிறைச்சிக்குக் கொஞ்சமும் குறைவில்லை. வசதியான வீட்டுப் பக்தி எங்களுடையது. அசைவத்தைத் துறந்தோம், அதன் சுவையை ஒரு நாள்கூடத் துறக்கவில்லை.

காலையில் நெய்த் தோசை. பள்ளிக்கு உருளைக்கிழங்கு கட்லெட். மாலையில் வடை, ஏனென்றால் "பிள்ளை கோழி இல்லாம ஏங்கிடும்". இரவுக்கு சைவ மட்டன் வருவல். "புரதம்லா" என்றாள் மனைவி. சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில். அங்கே அன்னதானத்தில் சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், வடை, பாயசம், வீட்டுக்கு எடுத்துப்போகப் புளியோதரைப் பொட்டலம்.

மாதம் பாதி கடந்ததும் எடை பார்த்தோம். தராசில் ஏறி நின்ற மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஏன் மூச்ச புடிக்கிற?"

"காத்துக்கும் எடை இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க."

எண் ஏறியிருந்தது. கொஞ்சமாக இல்லை.

"முடி வளந்திருக்கு," என்றாள் மனைவி. பிறகு கொலுசைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். கம்மலைக் கழற்றப் போனபோது மகள் காதைப் பொத்திக்கொண்டாள். எண் இம்மிகூட அசையவில்லை.

"தராசு கெட்டுப்போச்சு," என்றாள் மனைவி.

இது என் துறை. நான் அடுப்பங்கரைக்குப் போய், பிரிக்காத பத்துக் கிலோ பழுப்பரிசிப் பையைத் தூக்கி வந்து தராசில் வைத்தேன். பத்து என்று காட்டியது. பையைத் திருப்பி வைத்தேன். பத்து. மூலையில் வைத்தேன், நடுவில் வைத்தேன். பத்து, பத்து. அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதிய ஒரே வரி: "தராசு சரி."

மகள் அழவில்லை. அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்து, முழங்கையின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்திய இடம் மறைந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவளுக்கு மட்டும் அது தெரிந்தது.

மறுநாள் அக்காளிடம் புலம்பினேன். அவள் சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, உங்களுக்குக் காசு இருக்கு, மீனு மாதிரி மீனு செஞ்சு திங்கிறீங்க. எனக்குக் காசு இல்ல, நான் கிழங்கப் பொரிக்கிறேன். பெருமாளுக்கு ரெண்டும் எண்ணெதான்."

"நீயும்தானக்கா இவளுக்கு மத்தியானம் மலை மாதிரி போடுற."

"அவ போதும்னு சொல்லலையே!"

"சொன்னேன் அத்தை," என்றாள் என் மகள், கூடத்திலிருந்து.

"நீ வாய்ல சொன்ன. மனசுல சொல்லல."

அக்காளின் இந்த வாதத்துக்கு எங்கள் சமூகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. விருந்தாளி முதல் தடவை போதும் என்றால் அது மரியாதை. இரண்டாம் தடவை கூச்சம். மூன்றாம் தடவை சொன்னால், பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும் என்று பொருள். போதும் என்ற சொல்லை அந்தச் சொல்லாகவே எடுத்துக்கொண்ட ஒருவரையும் நான் எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை. என் மனைவிக்கும் அதே நோய், எனக்கும் அதே நோய். ஒரே வித்தியாசம், நாங்கள் சத்துப் பட்டியலைப் படித்துவிட்டு வற்புறுத்துவோம்.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் பந்தி. இலைக்கு இந்தப் பக்கம் நான், நடுவில் மகள், அந்தப் பக்கம் மனைவி. பரிமாறியவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓர் அண்ணன். கையில் வாளி, இடுப்பில் துண்டு, தன் சமையலுக்குத் தானே சாட்சியாக ஒரு வயிறு.

"போதும் அங்கிள்," என்றாள் மகள்.

"வளர்ற பிள்ளை! சாப்பிடு." ஓர் அகப்பைச் சோறு.

"அங்கிள், போதும்."

"சாமி சாப்பாடும்மா, கொழுப்பு கிடையாது." சாம்பார். வடை. இன்னொரு வடை.

அவள் இரண்டு கைகளையும் இலைக்கு மேல் பந்தல் மாதிரி விரித்தாள். அண்ணன் அனுபவசாலி. விரல் இடுக்கில் பாயசம் ஊற்றினார்.

மகள் கையை உதறினாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் இருக்க, இலையின் மேல் பாதியைப் பிடித்து, தன் பக்கமாக மடித்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

பந்தி நின்றுவிட்டது. அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட இல்லை.

இலையை மடிப்பது சாப்பிட்டு முடித்தவர்கள் செய்வது. காலி இலையைத்தான் மடிப்பார்கள். பிரசாதம் உள்ளே இருக்க இலையை மூடுகிற பிள்ளையை அந்தக் கோயில் அதுவரை பார்த்ததில்லை.

"சாமி சாப்பாட்ட வீணாக்குறியே பாப்பா! பாவம்லா!" அண்ணனின் குரல் உண்டியல் வரைக்கும் கேட்டது.

"நான் போதும்னு சொன்னேனே அங்கிள்."

"அதுக்காக மூடுவியா? தொற இலைய!"

"மடிச்ச இலைய தொறக்கக் கூடாது," என்றாள் மகள். கை இலையை விடவில்லை.

என் மனைவி அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "என்னங்க, ஏதாச்சும் பண்ணுங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னாள். நான் பண்ணினேன். மகளின் இலையை அப்படியே இழுத்து என் இலைக்கு மேல் வைத்து, பிரித்து, சோற்றையும் வடையையும் பாயசத்தையும் சாப்பிட்டேன். அதுவும் என் பங்கைச் சாப்பிட்டு முடித்த பிறகு. வீணாகவில்லை, பாவம் கழிந்தது. அண்ணனுக்கும் திருப்தி. "அப்பா நல்லா சாப்பிடுறாரு" என்று எனக்கு இன்னொரு வடை வைத்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். மூன்று தடவை சொல்லவில்லை.

ஆனால் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு கோபத்திலும் அந்த அண்ணன் மகளின் மடித்த இலைமேல் கரண்டியைக் கொண்டுபோகவில்லை. திறக்கச் சொன்னார், திட்டினார், தொடவில்லை. விரல் இடுக்கில் பாயசம் ஊற்றத் தயங்காத மனிதர் அவர்.

மகளும் அதைக் கவனித்திருக்கிறாள். வீடு திரும்பும்போது காரில் கேட்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுல தெனமும் இலையில சாப்பிடலாமா?"

"எதுக்கு?"

"தட்ட மடிக்க முடியாது."

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அழப்போகிறாளோ, திட்டப்போகிறாளோ தெரியவில்லை. கடைசியில், "நான் அவ்ளோ மோசமா ஊட்டுறேனாடி?" என்று கேட்டாள்.

"நல்ல சாப்பாடுதான்மா ஊட்டுறீங்க. நெறைய நல்ல சாப்பாடு."

எங்கள் குடியிருப்பான தாமானில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மூதாட்டியின் பின்கட்டில் வாழை மரங்கள் உண்டு. மறுநாள் போய் இலை கேட்டேன். தாராளமாக வெட்டிக் கொடுத்தார். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் அவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஹாரி ஹாரி கெண்டுரி கா?" என்று கேட்டார். தினமும் விருந்தா என்று அர்த்தம். விருந்தை நிறுத்தத்தான் இலை என்று விளக்க எனக்கு மலாய் போதவில்லை. தமிழும் போதாது.

சட்டம் இதுதான்: தட்டின்மேல் ஒரு துண்டு இலை. கொஞ்சமாகத்தான் முதலில் வைக்க வேண்டும். வேண்டும் என்றால் அவளே கேட்பாள். இலையை மடித்தால் அவ்வளவுதான், சாப்பாடு முடிந்தது. முதல் வாரம் என் மனைவியின் கை பழக்கத்தில் அகப்பையோடு முன்னால் வரும். மடித்த இலையைக் கண்டதும் அந்தரத்தில் நிற்கும். ஒரு தடவை அகப்பையில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் என் தட்டில் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அக்காள் வீட்டுக்கும் புத்தகப் பையில் இலைத் துண்டு போனது. முதல் நாளே அக்காள் என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"உன் பிள்ளை என் வீட்டுக்குச் சாப்பிட வருதா, கலியாணத்துக்கு வருதா?"

"என்னக்கா ஆச்சு?"

"ரெண்டு வாய் சாப்பிட்டா, மடிச்சுட்டா. நான் மீன் வாங்கிக் கொழம்பு வெச்சிருக்கேன்!" புரட்டாசி அப்போது முடிந்துவிட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெக்க வேண்டியதுதானே?"

"மடிச்ச இலையில யாராச்சும் கரண்டி வெப்பாங்களாடா? ஆகாது!" என்றாள், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தொழில் பொறாமை வந்தது. எத்தனை பட்டியல், எத்தனை காணொளி, எத்தனை குழுத் தகவல்! சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வாங்கிய எத்தனை விதைகள்! எதுவும் இந்த வீட்டுப் பெண்களின் கையை நிறுத்தவில்லை. ஒரு துண்டு வாழை இலை நிறுத்திவிட்டது. சத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பிள்ளை போதும் என்றால் அதற்குப் போதும் என்றுதான் அர்த்தம் என்பது மட்டும் எந்தக் குழுவிலும் வரவில்லை.

தீபாவளிக்குப் பயந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, பிரியாணி, கலர் தண்ணீர். மகள் புதுப் பாவாடையோடு கைப்பையில் இலைத் துண்டையும் எடுத்துக்கொண்டாள். போன வீடுகளில் எல்லாம் சிரித்தார்கள். "உங்க வீட்டுல பீங்கான் தட்டு உடஞ்சு போச்சா?" என்று கேட்டார்கள். அக்காள் மகள், "இவ சாமியார் ஆயிட்டா" என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினாள். மகள் அதிரசம் ஒன்று தின்றாள், ரசித்துத் தின்றாள், இலையை மடித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவர்களின் கைகள் அங்கும் அந்தரத்தில் நின்றன. கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துப்போவது வீட்டுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. அதனால் அது என் பக்கம் திரும்பியது.

கிளினிக்குக்குப் போகும் நாள் வந்தது. இந்தத் தடவை அக்காள் மகளையும் அழைத்துப் போனேன். விடுப்பு எடுக்கச் சம்பளம் தடுக்காதவன் குடும்பத்தில் நான்தானே. மனைவியும் வந்தாள். மகள் வழி முழுக்க ஒரு கையால் மறுகையின் முழங்கை உட்புறத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

மிஸ்ஸி முதலில் உயரம் பார்த்தார். பிறகு எடை. பிறகு விரலில் குத்து. மகள் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மிஸ்ஸி எண்களைப் பார்த்தார், பழைய எண்களைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். என் மனைவியின் நகம் என் கையில் இறங்கியது.

"எடை அன்னிக்கு இருந்த இடத்துலதான் இருக்கு," என்றார் மிஸ்ஸி.

"குறையலையா?" மகள் கண்ணைத் திறந்தாள்.

"உயரம் வளந்திருக்குலா. வளர்ற பிள்ளைக்கு எடை ஏறாம நின்னாலே பெரிய வேலை. சீனியும் கொஞ்சம் எறங்கியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி வேணாம். மூணு மாசம் கழிச்சு என்கிட்டயே வா."

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி குனிந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காள் மகளுக்குச் சீனி எல்லைக்கோட்டில் இருந்தது. அவளுக்கும் மூன்று மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள். அதற்கும் நான்தான் விடுப்பு எடுப்பேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "எனக்கும் இலை வேணும் மாமா," என்றாள் அவள். "ஆனா காலி இலையா கொடுக்காதீங்க."

மிஸ்ஸி, "இவ்ளோ நாளுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மகள் இலைக் கதையைச் சொன்னாள். மிஸ்ஸி முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"நீ மடிச்சதுல மிச்சம் இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பாவுக்கும் பாருங்க மிஸ்ஸி," என்றாள் மகள்.

நான் பிள்ளைகளுக்கு உரிய நாளில் பெரியவர்கள் வரிசையைக் குலைப்பது முறையல்ல என்று சொல்லிப் பார்த்தேன். மிஸ்ஸி விரலை நீட்டச் சொன்னார். தராசில் ஏறச் சொன்னார். ஏறினேன். எண்ணைப் பார்த்தேன். அந்தத் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"எடையும் சீனியும் நல்லா ஏறியிருக்கு சார். ஒரு நாள் காலையில வெறும் வயித்தோட வாங்க. கையில ரத்தம் எடுக்கணும்."

மகள் தரையிலிருந்து எழுந்து, என் தோளை உயரம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மூணு பேர் பிடிக்கணுமா, அப்பா?"

கிளினிக்கிலிருந்து நேராக அக்காள் வீட்டுக்குப் போனோம். அவள் வேலை முடிந்து வந்து சமைத்திருந்தாள். செய்தியைக் கேட்டுப் பெருமாளுக்கு நன்றி சொன்னாள், மிஸ்ஸிக்குச் சொல்லவில்லை. எல்லாருக்கும் இலை போட்டாள். சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, கருவாட்டுச் சம்பல். நான் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக, இன்னும் இடம் இருக்கும்போதே, இலையை என் பக்கமாக மடித்தேன்.

அக்காள் கையில் பருப்பு அகப்பையோடு என் முன்னால் நின்றாள். மடித்த இலையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இடது கையால் அதைப் பிரித்து, அகப்பையைக் கவிழ்த்தாள்.

"அக்கா! மடிச்ச இலையில வெக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது பிள்ளைங்களுக்குலா. நீ என் தம்பி. சாப்பிடுடா, எளச்சுப் போயிருக்க."

அவள் அடுத்த அகப்பைக்குத் திரும்பினாள். மகள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"மடிச்சதும் எழுந்துடணும் அப்பா. உக்காந்திருந்தீங்க பாருங்க, அதான் தப்பு."

பருப்பில் நெய் மிதந்துகொண்டிருந்தது. எழுந்தேன்.